‘அள்ளுறதுக்குத்தான் ஆள் இருக்குல்ல’

வங்கிக் கவுண்டரில் பாஸ்புக் பதிந்து கொடுப்பது என் பிழைப்பு. மாதத்தின் முதல் வாரத்தில் ஓர் அக்கா வருவார். குப்பை அள்ளுகிறவர். ஒப்பந்தக் கூலி. அவர் வரிசையில் நின்றால் முன்னும் பின்னும் இரண்டடி இடம் தானாக விழும். ‘சம்பளம் ஏறிருச்சா தம்பி?’ என்பார். பல மாதம் ஏறியிருக்காது. ‘சரி, அடுத்த வாரம் வாரேன்’ என்று போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குப் போனோம். 18 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு பிரியாணிப் பொட்டலம், பாலித்தீன் பை, உடைந்த மது பாட்டில். கூட வந்த நண்பர் தின்ற பொட்டலத்தை வீசிவிட்டுச் சொன்னார்: ‘அள்ளுறதுக்குத்தான் ஆள் இருக்குல்ல.’ நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

யாரய்யா அந்த ஆள்? காட்டுமாடு பிளாஸ்டிக் தின்கிறது என்று வருந்துகிறவர்கள் உண்டு. வருந்தட்டும், நியாயம்தான். ஆனால் உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் பொறுக்குகிறவளைப் பற்றி யார் வருந்துகிறார்கள்? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று 1936இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் அந்த அடுக்கு இன்னும் அப்படியே நிற்கிறது.

சிறுமலையில் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா வந்திருக்கிறது. கூட்டம் இனி கூடும். பூங்காவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் தொட்டி எத்தனை, வண்டி எத்தனை என்று எண்ணுகிறார்கள். நாம் வேறு கணக்குக் கேட்போம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. அடிவாரத்திலேயே சோதித்தால் பாதி மேலே ஏறாது. காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. அதை இந்த மலையிலும் ஒழுங்காக நடத்தட்டும். மட்குவதை மேலேயே குழியில் மட்க விடலாம். உதிர்ந்த இலை குப்பை இல்லை, காட்டின் உரம். மிச்சத்தைக் குரங்கு திறக்க முடியாத மூடித் தொட்டியில் போட்டு, ஞாயிறு சாயங்காலமே வண்டியில் இறக்க வேண்டும். எந்தத் தலையிலும் கூடை ஏறக் கூடாது. இறக்கியதை ஏழை சனம் குடியிருக்கிற பக்கமாகப் பார்த்துக் கொட்டவும் கூடாது.

கையுறை, காலணி, முகமூடி, மழைக்கோட்டு கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதியாயிற்று. எழுதினதெல்லாம் கைக்கு வந்து சேர்ந்ததா? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் அப்புறப்படுத்தியது. நகரம் மறுநாள் வழக்கம்போல் குப்பையை வாசலில் வைத்தது.

‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயர் மாற்றினால் மட்டும் போதாது. நிரந்தர வேலை, தேதி தவறாத சம்பளம், இந்த வேலைக்கு இந்தச் சாதி என்ற கணக்கின் ஒழிப்பு — இவை இல்லாத எந்தப் பூங்காத் திட்டமும் பழைய சேரிக்கு வைத்த புதுப் பலகைதான்.

அடுத்த முறை மலை ஏறினால் கொண்டுபோனதை நானே கீழே கொண்டுவருவேன். நண்பர் வீசினால் இந்தத் தடவை சும்மா இருக்கமாட்டேன். நீங்களும் இருக்காதீர்கள், தோழர்களே.