கணக்கு கிளவுட்ல இருக்கு, சரி. காப்பி உங்க கையில இருக்கா?



"எல்லாம் கிளவுட்ல இருக்கு சார், ஒண்ணும் ஆகாது." பேக்கப் பத்திக் கேட்டா பிசினஸ் பண்றவங்க பெரும்பாலும் சொல்ற பதில் இதுதான். சர்வருக்கு ஒண்ணும் ஆகாதுதான். ஆனா உங்க லாகின்? பழைய அக்கவுண்டன்ட்டோட மெயில் ஐடியில அட்மின் இருக்கும், அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். சந்தாவைப் புதுப்பிக்க மறந்திருப்பீங்க. வேற சாஃப்ட்வேருக்கு மாறியிருப்பீங்க. அந்த நேரம் பார்த்து பழைய வருஷத்துக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்து நிக்கும்.

என் கருத்து இதுதான்: கணக்கோட முழு காப்பி ஒண்ணு சாஃப்ட்வேருக்கு வெளியே, உங்க கையில இருக்கணும். அதை எடுக்க நல்ல வழி ஏபிஐ. அது ஐடி ஆளுங்க சமாச்சாரம்னு ஓனர் ஒதுங்கக் கூடாது.

பொறுப்பு யாருக்கு?

ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 36 படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள்ல இருந்து 72 மாதம் கணக்கை வெச்சிருக்கணும். 2023-24 கணக்குக்கு அந்தக் கடைசி நாள் 31 டிசம்பர் 2024. அதனால 2030 டிசம்பர் வரைக்கும் அது வேணும். கம்பெனியா இருந்தா, கம்பெனிகள் சட்டம் பிரிவு 128 படி 8 நிதியாண்டு. அதோட, மின்னணுக் கணக்கோட பேக்கப் இந்தியாவுல இருக்கிற சர்வர்ல தினமும் இருக்கணும்னு 2022-ல விதியைத் திருத்திட்டாங்க. இந்தப் பொறுப்பு எல்லாம் உங்க தலையில. சாஃப்ட்வேர் கம்பெனி தலையில இல்ல.

எக்ஸெல் போதாதா?

மாசம் 20 பில் போடுற கடைக்குப் போதும். சாஃப்ட்வேர்லயே இருக்கிற பேக்கப் வசதியை மாசா மாசம் அழுத்தி, ஃபைலைப் பத்திரமா வெச்சா சரி. அதுக்கு மேல போனா கையால எடுக்கிறது நிக்காது. மார்ச்ல ஞாபகம் இருக்கும், ஜூன்ல மறந்துடும்.

ஏபிஐ-ங்கிறது, நீங்க ஸ்கிரீனைத் திறக்காமலே ஒரு சின்ன புரோகிராம் உங்க சார்பா போய் ரெக்கார்டைக் கேட்டு வாங்கிட்டு வர்ற வாசல். நம்ம ஊர்ல நிறைய பேர் பயன்படுத்துற ஜோஹோ புக்ஸையே எடுத்துக்குவோம். அதுல கவனிக்க வேண்டியது:

1. பக்கம் பக்கமாத்தான் வரும். ஒரு பக்கத்துக்கு 200 ரெக்கார்ட். அடுத்த பக்கம் இருக்கான்னு பதில்லயே ஒரு குறிப்பு வரும். புரோகிராம் அதைப் பார்க்கலைன்னா 200 இன்வாய்ஸோட நின்னுடும். எரர் எதுவும் வராது. அதுதான் ஆபத்து.

2. பட்டியல்ல இன்வாய்ஸ் நம்பர், தேதி, மொத்தம் மாதிரி சுருக்கம்தான் வரும். எந்தப் பொருள், என்ன எச்எஸ்என், எவ்வளவு வரின்னு தெரிய ஒவ்வொரு இன்வாய்ஸையும் தனியா கேக்கணும். 3,000 இன்வாய்ஸ்னா பட்டியலுக்கு 15 தடவை, விவரத்துக்கு 3,000 தடவை. நிமிஷத்துக்கு 100 தடவைதான் கேக்கலாம். ஸ்டாண்டர்ட் பிளான்ல ஒரு நாளைக்கு 2,000 தடவை. அப்போ முதல் காப்பி எடுக்கவே 2 நாள் ஆகும். நோட்டீஸ் வந்த அப்புறம் ஆரம்பிக்கிற வேலை இல்ல இது.

3. அடுத்தடுத்த நாள், மாறினதை மட்டும் எடுத்தா வேலை குறையும். ஆனா டெலீட் பண்ண இன்வாய்ஸ் அந்தப் பட்டியல்ல வராது. உங்க காப்பியில அது உயிரோடவே இருக்கும். அதனால வருஷ முடிவுல ஒரு தடவை முழுசா எடுங்க.

டேலி ஆகாத காப்பி, காப்பியே இல்ல

டெவலப்பர் "டேட்டா வந்துடுச்சு சார்"னு சொன்னதும் நிறுத்திடாதீங்க. இன்வாய்ஸ் எண்ணிக்கையைச் சரிபாருங்க. வரி நீக்கின தொகையைக் கூட்டி, கிரெடிட் நோட்டைக் கழிச்சு, லாப நட்டக் கணக்குல இருக்கிற விற்பனையோட ஒப்பிடுங்க. வித்தியாசம் வந்தா காரணம் கண்டுபிடிக்கணும். வாய்ட் பண்ண பில்லோ, டிராஃப்டோ, விட்டுப்போன பக்கமோ, ஏதோ ஒண்ணு இருக்கும். இந்த வேலையை உங்க ஆடிட்டர் கிட்ட கேளுங்க. கோடு எழுதினவர் கிட்ட மட்டும் விட்டுடாதீங்க.

சாவி யார்கிட்ட?

ஏபிஐ-க்கு அனுமதி கொடுக்கும்போது முழு அனுமதியும் கொடுக்கலாம், படிக்க மட்டும்னும் கொடுக்கலாம். காப்பி எடுக்கப் படிக்கிற அனுமதி போதும். ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரத்துல காலாவதி ஆயிடும். ஆனா ரெஃப்ரெஷ் டோக்கன் நீங்க ரத்து பண்ற வரைக்கும் வேலை செய்யும். முழு அனுமதியோட அதை ஒரு ஃப்ரீலான்ஸருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறது, கையெழுத்துப் போட்ட பிளாங்க் செக்கைக் கொடுக்கிற மாதிரி. வேலை முடிஞ்சதும் ரத்து பண்ணுங்க.

இந்த வாரமே ரெண்டு விஷயம் பாருங்க: அட்மின் லாகின் யார் மெயில்ல இருக்கு? கடைசியா டேலி பண்ணின காப்பி எந்தத் தேதியில எடுத்தது? ரெண்டாவதுக்குப் பதில் இல்லைன்னா, உங்க கணக்குக்கு நீங்களே வாடகைக்குத்தான் குடியிருக்கீங்க.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க.