தொட்டியில் இறந்தவர் எந்தக் கணக்கில்?

2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில், ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யச் சென்ற மூன்று தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தனர். செய்தி வந்தது. நாமும் படித்தோம், கொதித்தோம், மறுவாரம் வேறு செய்திக்குப் போய்விட்டோம். இப்படிச் சாகிறவர்கள் எந்தக் கணக்கில் சேர்கிறார்கள் என்று கேட்டவர் குறைவு.

கணக்கு என்பது இங்கே வெறும் எண்ணிக்கை ஆகாது. மனிதரைக் கொண்டு பாதுகாப்பின்றிச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சஃபாய் கர்மாச்சாரி அந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கில், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் இந்த நிவாரணம் வீடு வந்து சேரும்.

சிக்கல் ஒரு சொல்லில் தொடங்குகிறது. தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘கழிவுநீர்த் தொட்டி’ என்றே எழுதுகிறோம். சட்டமோ செப்டிக் டேங்கை, மனித மலத்தைத் தேக்கும் தொட்டி என்று வரையறுக்கிறது. இறந்தவர் இறங்கியது மலத் தொட்டியா, சாயநீர்த் தொட்டியா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும், பட்டியல் மாறும், குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையும் மாறும். ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்று முடித்துவிட்டால், வாயுதான் குற்றவாளி; இறக்கிவிட்டவர் தப்பிவிடுகிறார். கொங்கு மண்டலத்தில் இறங்கச் சொல்லப்படுவோர் பெரும்பாலும் அருந்ததியர் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஏட்டுக்கு மட்டும் தெரிவதில்லை.

2021 ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அரசு மாநிலங்களவையில் கூறியது. அதே அரசு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களைத் தனிக் கணக்காகத் தருகிறது. அதில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு! 2018இல் தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையம் ஒரு கணக்கை வெளியிட்டது. அது சில மாநிலங்கள் தந்த விவரங்களையும் ஆங்கில, இந்தி நாளிதழ்ச் செய்திகளையும் கொண்டு தொகுக்கப்பட்டது. பிராந்திய மொழி நாளிதழ்கள் அதில் இல்லை. அப்படியானால் நம் மாவட்டப் பக்கத்தில் மட்டும் வந்த சாவு, டெல்லிக்கு நடக்காத சாவு.

எனவே செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் தொட்டி, யார் இறக்கினார், பாதுகாப்புக் கருவி இருந்ததா, எந்தச் சட்டப் பிரிவில் வழக்கு, இறந்தவர் எந்தச் சமூகம் — இந்த ஐந்தையும் செய்தியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வழக்கும் நிவாரணமும் என்ன ஆயின என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டி, தேதி, ஊர் வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வெள்ளைத் தாள் போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. ‘தனியார் ஆலை, சொல்ல முடியாது’ என்று திருப்பி அனுப்பினால் பிரிவு 2(எஃப்)ஐக் காட்டுங்கள். வேறொரு சட்டப்படி அரசு அலுவலகம் ஒரு தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலும் நாம் கேட்கத்தக்கதே. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆலைகளில் நடத்தும் ஆய்வுகளை அப்படிக் கேட்கலாம்.

கதவு சுருங்கியும் வருகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜெ)யை மாற்றியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லி மறுப்பது இனி எளிது. இறந்தவர் பட்டியலையே அப்படி மறைக்க முடியும். பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்னும் பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது; மனுவிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

மனுவில் வரும் பதில் பீரோவில் கிடந்தால் பயனில்லை. செய்தியாளர் கைக்குப் போக வேண்டும். செய்தி மறுநாளே மறக்கப்பட்டாலும் பயனில்லை. பட்டியலில் ஏற வேண்டும். கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்களைப் பற்றி அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு பேசுகிறது. தொட்டி மரணங்கள், வழக்கு நிலை, வழங்கிய நிவாரணம் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் தன் இணையதளத்தில் தமிழில் வெளியிட வேண்டும். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி எத்தனை கோடி என்று ஆண்டுதோறும் சொல்ல முடிகிற ஊரில், தொட்டிக்குள் போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்றும் சொல்ல முடியும்.