கையெழுத்து வேட்டை

"கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது, அம்மா? ஒரு செல்ஃபி எடுத்தால் போயிற்று!" என்று குழந்தைகள் சொல்லுகிற காலம் இது. ரோஜா, மஞ்சள், பச்சை என்று வர்ணத் தாள்கள் வைத்துத் தைத்த அந்தச் சின்ன ஆட்டோகிராப் புத்தகம் எத்தனை வீட்டுப் பீரோவில் இன்னும் இருக்கிறதோ, சகோதரிகளே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் செல்ஃபியின் ஜம்பம் சாயாத இடம் ஒன்று உண்டு. நடுவரின் அனுமதி இல்லாமல் சதுரங்க மண்டபத்தில் யாருமே கைபேசியை உபயோகிக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது ஒலிம்பியாட் நடந்ததல்லவா? ருஷ்யாவில் நடக்க இருந்த பந்தயம்; யுத்தம் வரவே, நான்கே மாத அவகாசத்தில் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். உள்ளே படம் பிடிக்க வழியில்லை என்றால், காகிதமும் பேனாவும்தானே கதி!

சதுரங்கக்காரர்களுக்குக் கையெழுத்து விளையாட்டுக் காரியமல்ல. ஆட்டம் முடிந்ததும் இருவரும் இருவர் தாளிலும் முடிவைக் குறித்துக் கையொப்பம் இட வேண்டும். தவறாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும், நடுவர் மாற்றினாலொழிய அதுதான் முடிவு! அந்தப் பந்தயத்தில் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜயித்த 16 வயது குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானத்து அப்துசத்தோரோவிடம் கைக்கு எட்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். தோற்றவரும் கையெழுத்துப் போட்டுத்தானே ஆகவேண்டும்? முதல் பலகைக்கான தங்கப் பதக்கம் அவருக்கே கிடைத்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனும் ஆகிவிட்டார். என்னைக் கேட்டால், ஜயித்த எட்டுத் தாள்களையும்விட அந்தத் தோற்ற தாள்தான் உசத்தி. ஆசைப்பட்டுப் பயனில்லை. ஆட்டத் தாள்கள் பந்தயம் நடத்துகிறவர்களுக்கே சொந்தம் என்பதும் விதிதான்.

பூஞ்சேரி என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. அங்கே நொண்டி வீரப்பன் தோட்டம் என்னும் இடத்தில் ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று போகிறது ஜாபிதா. மாமல்லபுரத்துச் சிற்பிகள்தாம் இவர்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். ராஜாவின் விருதுப் பெயர்களைத் தர்மராஜ ரதத்தில் வரிசையாகச் செதுக்கியவர்கள், தங்கள் பெயருக்கு ஊருக்கு வெளியே ஒரு பாறையைத் தேடிக்கொண்டார்கள் போலும்!

நம் நாட்டு ஆட்டோகிராப் புத்தகங்களுள் மிகவும் பிரசித்தமானது ஒரு பெண்மணியுடையது. கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்டின் சகோதரி லக்ஷ்மி, காந்திஜியிடம் புத்தகத்தை நீட்டினார். மகாத்மா பக்கங்களைப் புரட்டினார். 1933-34-ல் இங்கே வந்து ஆடிய ஜார்டினின் எம்.சி.சி. கோஷ்டியார் பதினாறு பேரும் கையெழுத்திட்ட பக்கம் வந்தது. அதிலேயே பதினேழாவது ஆளாகத் தம் பெயரையும் போட்டுவிட்டார்!

இன்று நிலைமை வேறு. அட்டைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பிக் ஃபன்' பபிள் கம்முடன் வந்த கிரிக்கெட் படங்களைச் சேர்த்து, அவற்றில் போட்டிருந்த ரன்களைக் கூட்டிப் பரிசு வாங்கியவர்கள் இப்போது பெற்றோராகியிருப்பார்கள். அமெரிக்காவிலும் 1952-ல் மிட்டாய்க் கடைச் சரக்காக வந்த அட்டைகள்தாம். விற்காமல் தேங்கியவற்றைக் கம்பெனியாரே 1960-ல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டினார்களாம். மிச்சத்தில் பெரும்பகுதியை அம்மாமார் குப்பையில் சேர்த்தார்கள். தப்பிப் பிழைத்த மிக்கி மாண்டில் அட்டை ஒன்று, நம் ஒலிம்பியாட் முடிந்த அதே 2022 ஆகஸ்டில், ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று! பரணைச் சுத்தம் செய்கிற சகோதரிகள் கவனிக்க.

பணம் புகுந்த இடத்தில் மோசடி புகாமல் இருக்குமா? 1990-களில் அமெரிக்கப் போலீஸார் ஒரு கள்ளக் கையெழுத்துக் கூட்டத்தை வளைத்துப் பிடித்தபோது, அன்னை தெரஸா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகூட அகப்பட்டது. அன்னைக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாங்குகிறவர் யோசிக்க வேண்டாமோ?

எனக்குத் தெரிந்த செங்கற்பட்டு அம்மாள் ஒருவர், மகனுடைய பிறந்த நாளுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கையெழுத்திட்ட கிரிக்கெட் மட்டை ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். இன்டர்நெட்டில் பார்த்தாராம். அத்தாட்சிப் பத்திரமும் உண்டாம். மட்டையில் கையெழுத்துப் போடத் தெரிந்தவனுக்குப் பத்திரத்தில் போடத் தெரியாதா? வேண்டாம் என்றேன். சுற்று வட்டாரத்தில் சதுரங்கப் பந்தயம் நடக்கும்போது பையனையே நோட்டும் பேனாவுமாக அனுப்பச் சொன்னேன். "பெரிய ஆட்டக்காரர் யாரும் வரமாட்டாரே?" என்றார். வராவிட்டால் என்ன? பத்து வயதுக் குகேஷிடம் கையெழுத்துக் கேட்க அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

வாங்கியதை வெயில் படாமல் வையுங்கள், மை மங்கிவிடும். பிளாஸ்டிக் தாள் ஒட்டாதீர்கள். பின்பக்கத்தில் பெயர், ஊர், தேதி மூன்றையும் அன்றைக்கே பென்சிலால் எழுதிவிடச் சொல்லுங்கள். ஆட்டக்காரர்கள் போடுகிற கிறுக்கலை ஆறு மாதம் கழித்துக் காட்டினால், போட்டவருக்கே விளங்குவதில்லை.