மூன்று எழுத்துக்குள் மறைந்த கல்வி

கேபிள்காரர் தரும் சேனல் பட்டியலில் டி.எல்.சி. என்ற பெயரை வாசகர்கள் பலரும் கண்டிருப்பார்கள். சமையல், சுற்றுலா, அலங்காரம் என்று நிகழ்ச்சிகள் தந்து வந்த சேனல் அது. 'தி லேர்னிங் சேனல்', அதாவது கற்பதற்கான சேனல் என்பதன் சுருக்கமே அந்த மூன்று எழுத்து. கற்பது போய் எழுத்து மட்டும் நின்ற கதை, டெலிவிஷனுக்கு மாதாமாதம் பணம் கட்டும் நாமும் அறிய வேண்டியதாகும்.

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியா என்னும் மலைப்பிரதேசம் உள்ளது. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பெயர் பெற்றது, வறுமைக்கும் அப்படியே. அங்குள்ள மலைக்கிராம ஆசிரியர்கள் மேல்பயிற்சிக்காக நகரத்துக் கல்லூரிகளுக்குப் போய் வருவது எளிதல்ல. ஆகவே செயற்கைக்கோள் வழியாகப் பாடத்தை அவர்களிடமே அனுப்புவதென்று 1972ல் ஒரு திட்டம் தொடங்கிற்று. அமெரிக்க அரசின் சுகாதார, கல்வி, சமூகநலத் துறையும் நாசாவும் இதில் கைகோத்தன. 1974 மே 30ந் தேதி ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-6 என்ற கோள் பாடங்களை மலைகளுக்குக் கொண்டு சேர்த்தது. பணம் அரசினுடையது, விளம்பரம் இல்லை.

நம் கிராமங்களிலும் அதே கோள்

இந்தியாவுக்கும் இதில் தொடர்பு உண்டு. விக்ரம் சாராபாய் காலத்தில், 1969ல், நாசாவுடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி அதே கோள் 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நமக்குக் கிடைத்தது. அதுவே 'சைட்' திட்டம். ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. மாலையில் விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு. ஓராண்டு முடிந்ததும் கோள் திரும்பிப் போயிற்று.

பெயர் மாறிய விதம்

1980ல் அமெரிக்கத் திட்டம் அரசின் கையை விட்டு நீங்கியது. அவ்வாண்டே 'தி லேர்னிங் சேனல்' என்ற பெயரும் வந்தது. 1991ல் டிஸ்கவரி நிறுவனம் இதை விலைக்கு வாங்கியது. 1998 முதல் முழுப் பெயரை ஒதுக்கி, மூன்று எழுத்தையே முன்னிறுத்தினார்கள். 2000ல் வந்த 'டிரேடிங் ஸ்பேசஸ்' நிகழ்ச்சியில் அண்டை வீட்டார் ஒருவர் வீட்டு அறையை மற்றவர் மாற்றி அமைத்தார்கள். அதற்குக் கிடைத்த வரவேற்பு சேனலின் போக்கையே மாற்றிற்று. 2012ல், அழகுப் போட்டிகளுக்குப் போகும் ஒரு சிறுமியின் குடும்பத்தையே நிகழ்ச்சியாக்கினார்கள். 2014ல் அது நிறுத்தப்பட்டது.

"மக்கள் விரும்பியதைத்தானே காட்டினார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. விளம்பரதாரர் பார்ப்பவர் தலையை எண்ணித்தான் பணம் தருகிறார். ஆனால், ஆசிரியப் பயிற்சி பார்ப்பவர் சில ஆயிரம் என்றால், அடுத்த வீட்டுச் சச்சரவைப் பார்ப்பவர் பல லட்சம். எந்த எளியவர்களுக்காகச் சேனல் பிறந்ததோ, அவர்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பணம் கொடுப்பவர் மாறினார், நிகழ்ச்சி மாறிற்று, பெயரும் மாறிற்று.

நம் நாட்டிலோ, 2004ல் 'டிஸ்கவரி டிராவல் அண்டு லிவிங்' என்று வந்த சேனலுக்கு 2010ல் டி.எல்.சி. என்று பெயர் சூட்டினார்கள். இங்கே அந்தப் பெயர் வந்தபோதே அதில் கல்வி இல்லை.

நாம் செய்யக்கூடியது

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 'டிராய்' விதிப்படி, கட்டணச் சேனல்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. கேபிள்காரர் கட்டிக் கொடுத்த தொகுப்பையே வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சம்பளத்தில் எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று. தமிழக அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அதன் பாடங்களை இணையத்திலும் பார்க்கலாம். தமிழ்ப் பாடமே இல்லாத பள்ளிகளில் படிக்கும் வெளிமாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் அப்பலாச்சியாத் திட்டமும் அரசுப் பணத்தில்தான் ஆரம்பமாயிற்று என்பதை மறக்கலாகாது. இத்தகைய சேனல்களைப் பார்ப்பவர் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்து நிதியைக் குறைத்தால், இங்கும் அதே கதை நடக்கும். அதைத் தடுக்க, அரசு இந்தச் செலவைப் பள்ளிக்கூடச் செலவாகக் கருத வேண்டும்; நாமும் நம் பிள்ளைகளை அதன் முன் உட்கார வைக்க வேண்டும்.