பதினாறு வயதில் மூடப்படும் கதவு

சென்ற விடுமுறையில் நமது கல்லூரிக்கு வந்திருந்தேன். தரம் 11இல் படிக்கும் ஒரு தங்கை ஓடிவந்து கேட்டாள்: "ராத்தா, கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிறதுக்கு எந்த லெப்டொப் வாங்கோணும்?"

கணினி விஞ்ஞானத்தில் இறுதியாண்டு படிப்பவள் என்பதால் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் அதிகம். "லெப்டொப்பைப் பிறகு பார்ப்போம். உயர்தரத்தில என்ன பாடம் எடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பயோதான் ராத்தா. உம்மாவுக்கு நான் டொக்டராகோணும். அது கிடைக்காட்டி கம்பியூட்டர் செய்வன்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னை இதை எழுத வைத்தது. ஏழு வருடங்களுக்கு முன் இதே வசனத்தை இதே கல்லூரியில் என் பக்கத்து வாங்குத் தோழி சொன்னாள். அவளுக்கு நடந்ததை நான் அறிவேன். அவளது அனுமதியுடன், பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் எனக்கு விளங்காதவற்றை எல்லாம் விளங்கப்படுத்தியவள் அவள். ஆசிரியை கரும்பலகையில் பாய்ச்சற்கோட்டுப் படத்தை வரைந்து முடிக்கும் முன்பே அதில் உள்ள பிழையைச் சொல்லிவிடுவாள். பெறுபேறு வந்தபோது இருவருக்கும் நல்ல சித்திகள். நல்ல சித்தி என்றால் உயிரியல் என்பது நமது வீடுகளில் எழுதாத சட்டம். அவள் உயிரியலுக்குப் போனாள். என் வாப்பா கணித ஆசிரியர் என்பதால் மட்டுமே நான் கணிதப் பிரிவுக்குப் போனேன். எங்கள் வருடத்தில் உயிரியல் வகுப்பில் இருக்க இடம் போதவில்லை. கணித வகுப்பில் நாங்கள் ஆறு பேர்.

அவளுக்கு மருத்துவத்துக்குரிய இஸட் புள்ளி கிடைக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். மூன்றையும் அவள் பயன்படுத்தினாள். கடைசித் தடவைக்குப் பிறகுதான், "சரி, கம்பியூட்டரைப் போடுவோம்" என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைத் திறந்தாள். கணினி விஞ்ஞானப் பட்டத்துக்கு உயர்தரத்தில் கணிதம் கேட்டிருந்தது. அவள் படித்திருந்ததோ உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும்.

அந்தக் கதவு அவளுக்கு அன்றைக்கு மூடப்படவில்லை. பதினாறு வயதில், பாடத்தெரிவுப் படிவத்தில் கையொப்பம் வைத்த நாளிலேயே மூடப்பட்டுவிட்டது. மூடிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

எனது கருத்து இதுதான். கணினி விஞ்ஞானப் பட்டம் மற்றவை கிடைக்காதபோது எடுத்துக்கொள்ளும் உதிரித் துறை அல்ல. அதற்கென்று தனித் தகைமைகள் உண்டு. அவற்றுள் முக்கியமானவை பல்கலைக்கழக வாசலில் தொடங்குவதில்லை, தரம் 11 முடிந்தவுடனேயே தொடங்குகின்றன. இதைப் பிள்ளைகளும் பெற்றோரும் அந்தப் படிவத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

முதலில் பாடங்கள். இந்தப் பட்டத்துக்கு நேரான வழி கணிதப் பிரிவு. அதாவது இணைந்த கணிதம், பௌதிகவியல், இவற்றுடன் இரசாயனவியல் அல்லது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம். மூன்றாவது பாடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இரசாயனவியலை விட்டுவிட்டால் பொறியியல் பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞான, பொறியியல் துறை பொறியியல் பீடத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே போக விரும்புபவர் இரசாயனவியலை விடக்கூடாது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் முதலியவற்றில் கணினி விஞ்ஞானம் தனிப் பட்டமாகக் கற்பிக்கப்படுகிறது.

அடுத்தது இஸட் புள்ளி. இத்தகைய பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது. ஆகவே பக்கத்து மாவட்டத்துப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். உங்கள் மாவட்டத்துக்குரியதைப் பாருங்கள்.

"கணினிதானே கணக்கைச் செய்கிறது, நமக்கு ஏன் கணிதம்?" என்று தங்கைகள் கேட்பதுண்டு. ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஒரு பதிவேட்டில் 1000 பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன. ஒரு பெயரைத் தேட முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் 1000 தடவைகள் வரை பார்க்க நேரிடும். நடுவில் திறந்து, தேடும் பெயர் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்து மற்றப் பாதியை விட்டுவிட்டால் 10 தடவைகள் போதும். பெயர்கள் 10 இலட்சமானாலும் 20 தடவைகள்தான். ஏன் 10, ஏன் 20 என்று சொல்வது மடக்கை. தரம் 10இல் அட்டவணையைப் புரட்டி, "இது எதற்கு?" என்று சலித்துக்கொண்ட அதே மடக்கைதான். கணினி விஞ்ஞானம் என்பது கணினியைத் தட்டப் பழகுவதல்ல, இப்படி யோசிக்கப் பழகுவது.

இந்த யோசனை முறைக்கு ஆங்கிலத்தில் அல்கொரிதம் என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீன் மொழிக்குப் போய் உருமாறி வந்த சொல் அது. அல்ஜிப்ரா என்ற சொல்லும் அவரது நூலின் தலைப்பிலிருந்தே வந்தது. நமது நாட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்விக்கு அடித்தளமிட்ட பேராசிரியர் வி.கே. சமரநாயக்க முதலில் கணிதம் படித்தவர். கணிதத்துக்குப் பயந்து கணினிக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆங்கிலம். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்தோம். பல்கலைக்கழகத்தில் விரிவுரையும் வினாத்தாளும் ஆங்கிலத்தில். முதல் வாரம் விரிவுரையாளர் 'மேட்ரிக்ஸ்' என்று தொடங்கியபோது புதிதாக ஏதோ வருகிறது என்று நடுங்கிப் போனேன். பலகையில் எழுதிய பிறகுதான் தெரிந்தது, அது நாம் சாதாரண தரத்திலேயே படித்த தாயம். 'செட்' என்றது தொடை. 'பங்ஷன்' என்றது சார்பு. தெரிந்த பாடத்திலேயே தெரியாதவள் போல் இரண்டு மாதங்கள் இருந்தேன். ஒருநாள் விடுதி அறையில் அழுதும் இருக்கிறேன். பிறகு ஒரு கொப்பியில் இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லுமாக எழுதத் தொடங்கினேன். அந்தக் கொப்பிதான் என்னைக் கரைசேர்த்தது. தமிழில் படித்தது குறையல்ல. அடித்தளம் தமிழில் உறுதியாக இருந்ததால்தான் சொல்லை மாற்றியவுடன் பாடம் கைக்கு வந்தது. ஆனால் அந்தக் கொப்பியை உயர்தரத்திலேயே தொடங்கியிருந்தால் அந்த இரண்டு மாதங்களும் வீணாகியிருக்காது.

உள்ளே போன பிறகு என்ன கேட்கிறார்கள்? நமது நாட்டின் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட்டுகளும், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகளும் தேவை. ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, ஆய்வுகூடம், சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலக் கற்றல். 120ஐ 50ஆல் பெருக்கிப் பாருங்கள், 6000 மணித்தியாலங்கள். ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பையும் இதையும் ஒன்றாக நினைக்கும் பெற்றோர் இந்த ஓர் எண்ணை மட்டுமாவது நினைவில் வைத்தால் போதும்.

அந்த மணித்தியாலங்களில் நிரலாக்கம் ஒரு பகுதி மட்டுமே. தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், பணிசெயல் முறைமை, வலையமைப்பு, நிகழ்தகவு, தர்க்கம், மென்பொருள் பொறியியல் என்று பல உண்டு. இவற்றோடு குழுச் செயற்றிட்டம், நிறுவனம் ஒன்றில் பயிற்சி, இறுதியாண்டில் தனியாகச் செய்யும் ஆய்வு. ஒரு தடவை எங்கள் குழு எழுதிய நிரல், சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல்நாள் இயங்க மறுத்தது. விடிய விடியத் தேடிக் கண்டுபிடித்த பிழை ஒரேயொரு குறியீடு. படிப்பின் பெரும்பகுதி இதுதான். கெட்டித்தனத்தைவிடப் பொறுமை கூடுதலாகத் தேவை. அந்தப் பொறுமை நமது பிள்ளைகளிடம் தாராளமாக உண்டு.

இனிப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். "பெண் பிள்ளைக்கு நல்ல துறை, வீட்டில் இருந்தே வேலை செய்யலாம்" என்று சொல்லி இத்துறைக்கு அனுப்புவோர் இப்போது கூடிவருகின்றனர். வேலையை வீட்டில் இருந்து செய்ய முடியும், உண்மைதான். ஆனால் பட்டத்தை வீட்டில் இருந்து எடுக்க முடியாது. விடுதியில் இருக்க வேண்டும். பிந்தும் நாட்களில் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். ஆண்களும் இருக்கும் குழுவில் பேசி, வேலை பிரித்து, சில சமயம் வாதாடவும் வேண்டும். பயிற்சிக் காலத்தில் வேறு ஊரில் அலுவலகம் போக வேண்டும். இவற்றை முன்பே பேசிக்கொள்ளாததால், பயிற்சிக்கு விடமாட்டோம் என்று மூன்றாம் வருடத்தில் வீட்டில் சொல்லக் கேட்டுக் கலங்கிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். என் உம்மாவும் பயந்தார். முதல் வருடமே என்னுடன் வந்து விடுதியையும் ஆய்வுகூடத்தையும் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகத் திரும்பினார். பயப்படுவது பெற்றோரின் உரிமை. வந்து பார்ப்பது அந்தப் பயத்துக்கு நல்ல மருந்து.

பணம் கட்டிப் படிப்பிக்க எண்ணுவோரிடம் ஒன்று. பணத்தைக் கட்டும் முன், அந்தப் பட்டத்தை வழங்குவது யார் என்று கேளுங்கள். உள்நாட்டு நிறுவனமானால் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு உண்டா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகமானால் அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? என் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி இரண்டு வருடங்கள் பணம் கட்டிய பிறகுதான் தன் கையில் இருப்பது பட்டத்துக்குச் சேராத சான்றிதழ் என்று அறிந்தாள். அவளது வாப்பா கடையில் உழைத்த காசு அது.

உயிரியலோ வர்த்தகமோ கலையோ படிக்கும் தங்கைகள் மனமுடையத் தேவையில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் தகவல் முறைமைகள் பட்டத்துக்குப் பிற பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். அதற்குச் சாதாரண தரக் கணித, ஆங்கிலப் பெறுபேறுகளும் முக்கியம். என் தோழி இந்தப் பாடநெறியின் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. சொல்லிக்கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதே கல்லூரி பீ.ஐ.ரீ. என்ற வெளிவாரிப் பட்டத்தையும் நடத்துகிறது. அதற்கு இஸட் புள்ளி கேட்பதில்லை. ஆனால் பரீட்சையில் சலுகை கிடையாது.

நமது கல்லூரியிடம் பழைய மாணவி என்ற உரிமையுடன் மூன்று விடயங்களைக் கேட்கிறேன். அனுமதிக் கைந்நூலின் பிரதி ஒன்று நூலகத்தில் தரம் 11 மாணவிகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சாதாரண தரப் பரீட்சை முடிந்தவுடன் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒன்றாக அழைத்து ஒரு நாள் பேசுவோம். மருத்துவம், சட்டம், கணினி, ஆசிரியம் என்று ஒவ்வொரு துறையிலும் படிக்கும் பழைய மாணவிகள் வருவோம். கணிதப் பிரிவுத் தங்கைகளுக்குத் தமிழ் - ஆங்கிலச் சொற்கொப்பி ஒன்றைச் சேர்ந்து தயாரிப்போம். என்னுடைய கொப்பியைத் தருகிறேன்.

எல்லோரும் கணினி படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவராக விரும்பும் பிள்ளை உயிரியல்தான் படிக்க வேண்டும். நமது சமூகத்துக்குப் பெண் மருத்துவர்கள் இன்னும் தேவை. ஆனால் ஒரு துறையை விரும்பும் பிள்ளை, தெரியாமையால் அதை இழக்கக் கூடாது. விரும்பி எடுப்பது வேறு, வேறொன்று கிடைக்காமல் எடுப்பது வேறு.

என் தோழி இப்போது பீ.ஐ.ரீ. படிக்கிறாள். பகலில் ஒரு பாலர் பாடசாலையில் கற்பித்துவிட்டு இரவில் படித்து முதலாம் வருடத்தை முடித்துவிட்டாள். கணிதப் பகுதிகள் வரும்போது எனக்கு அழைப்பெடுப்பாள். அன்று அவள் எனக்குச் சொல்லித்தந்தாள், இன்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் பட்டம் பெறுவாள், இன்ஷா அல்லாஹ். ஆனால் நான்கைந்து வருடங்களை அவள் கொடுத்துவிட்டாள்.

லெப்டொப் கேட்ட தங்கைக்கு நான் அன்று சொன்ன பதிலும் இதுதான்: "வீட்டுக்குப் போய் உம்மாவையும் வாப்பாவையும் பக்கத்தில் இருத்திக் கைந்நூலைத் திறங்க. டொக்டர் என்றாலும் சரி, கம்பியூட்டர் என்றாலும் சரி, எந்தக் கதவுக்கு எந்தப் பாடம் என்று மூணு பேருமா வாசிங்க. அதுக்குப் பிறகு கையொப்பம் வைங்க."