புழுக்கத்துக்கு நேரம் காலம் இல்லை

2023 மே 23, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் திருவனந்தபுரம் தும்பாவில், கின்ஃப்ரா பூங்காவிலிருந்த கேரள மருத்துவ சேவைகள் கழகத்தின் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் சுவர் இடிந்து விழுந்து உயிரிழந்தார். அந்த மரணத்துக்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த நேரத்தைப் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் நம் துறைக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கனத்த உடையில் ஆட்கள் உழைத்த அந்த வேளையில் வெயில் எங்கே இருந்தது?

கோடைதோறும் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவிடுகிறது. நல்ல உத்தரவு. கட்டடத் தொழிலாளிக்கு அது நிழல் தருகிறது. உடலை மூடும் கவச உடையில் வேலை செய்பவரை அது தொடுவதே இல்லை. அவருடைய அடுப்பு உடைக்குள் எரிகிறது. நடுத்தர உழைப்பில் உடல் ஏறத்தாழ 300 வாட் சூட்டை உண்டாக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெளியேறும். அதே வியர்வை பூட்ஸுக்குள் வடிந்தால் சூடு அப்படியே நிற்கும். 2020இல் கோவிட் வார்டில் இருந்த எந்தச் செவிலியரையும் கேளுங்கள்: கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டும், விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கும். ரத்தத்தை மறிக்கும் படலம் வியர்வையின் ஆவியையும் பெரும்பாலும் மறித்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 32 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம். திருவனந்தபுரத்தில் இது அதிசயமான பகல் ஒன்றும் இல்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவு நிழலில் ஏறக்குறைய 28.7 வரும். ஆவி புகாத முழுநீளக் கவச உடைக்கு, அமெரிக்கத் தொழில்சுகாதார அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். அட்டவணைப்படி 11 கூட்டினால் 39.7. நடுத்தர வேலைக்கு, அதுவும் வெப்பத்துக்குப் பழகிய உடலுக்கு, மணிக்குக் கால் மணி நேரமே வேலை என்றாலும் அந்த அட்டவணை 31.5இல் முடிந்துவிடுகிறது. இரவில் 26 டிகிரி, 90 விழுக்காடு என்று வைத்தாலும் கூட்டுத்தொகை 36. எத்தனை நிமிடம் வேலை, எத்தனை நிமிடம் ஓய்வு என்பதற்கு இங்கே அட்டவணையில் பதிலே கிடையாது. அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

'நாலு நாளில் பழகிவிடும்' என்ற பேச்சும் பாதிதான் உண்மை. பழகிய உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும். ஆவி புகாத உடைக்குள் அதனால் மிஞ்சுவது நீரிழப்பு. கழிப்பறை போக முடியாதே என்று தண்ணீர் குடிக்காமல் உடை மாட்டுபவர்களுக்கு இது இரட்டை அடி.

ஆகவே கடிகாரத்தை விட்டு ஆளைப் பார்க்க வேண்டும். வேலையை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் நாடி 120க்கு மேல் இருந்தால் அவர் அன்று மறுபடி உள்ளே போகக் கூடாது. பணிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்; 60 கிலோ ஆள் 900 கிராமுக்கு மேல் இழந்திருந்தால் குடித்த தண்ணீர் போதவில்லை.

ஓய்வறையில் மின்விசிறியை மட்டும் நம்ப வேண்டாம். ஈரம் நிறைந்த காற்றில் அதன் பலன் குறைவு. கையையும் முன்கையையும் குளிர்ந்த நீரில் 15, 20 நிமிடம் அமிழ்த்துவது நல்ல பலன் தரும் என்று பிரிட்டிஷ் கடற்படை ஆய்வாளர்கள் 1990களிலேயே காட்டினார்கள். உள்ளங்கையிலும் விரல்களிலும் ரத்த ஓட்டம் மிகுதி. சூடு அந்த வழியே இறங்கும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரிலும் கொஞ்சம் இறங்கும், ஆனால் மெதுவாக. ஐஸ் போட்டால் நல்லது. மீன்காரர் வைத்திருப்பது போன்ற தெர்மோகோல் பெட்டி ஒன்று, புதிதாக, சுத்தமாக இருந்தால் போதும்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் பணியிடத்தில் உடை கழற்றும் அறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். எடைமேடையும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியும் அங்கே இருக்கின்றனவா என்று எங்களுக்கு எழுதுங்கள்.