நீர்க்கணக்கு பிச்சையல்ல

அவசர நேரம் வந்தால், மனிதாபிமானத்தின் பேரில், ஆற்றின் நீர்வரத்துத் தகவலைத் தருகிறோம் என்று 2025 ஆகஸ்டில் டெல்லியில் சீனத் தரப்பு ஒப்புக்கொண்டது. இதை முன்னேற்றம் என்று வரவேற்றவர்கள் உண்டு. எல்லையில் சூடு தணிந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். நம்மால் வரவேற்க முடியவில்லை. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், ஜூலை 19 அன்று, பிரம்மபுத்திராவின் மேல்மடையில் உலகின் மிகப் பெரிய மின்திட்டத்துக்கு வேலையைத் தொடங்கியவர்களும் இவர்கள்தான். ஆற்றை மறிப்பது தங்கள் உரிமை, அதில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கீழே இருப்பவர்களிடம் சொல்வது தாங்கள் காட்டும் கருணை என்கிறது இந்த முடிவு. இதை ஏற்க முடியாது.

திட்டத்தின் அளவை வாசகர்கள் அறிவார்கள். திபெத்தில் யார்லுங் சாங்போ என்ற பெயரில் கிழக்கே ஓடிவரும் ஆறு, நாம்சா பார்வா சிகரத்தைச் சுற்றி வளைந்து தெற்கே திரும்பும் இடத்தில், சுமார் 50 கிலோமீட்டருக்குள் 2,000 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தைச் சுரங்கப்பாதைகளில் திருப்பி, அடுத்தடுத்து ஐந்து மின்நிலையங்களை ஓட்டப்போகிறார்கள். செலவு 1.2 லட்சம் கோடி யுவான், நம் பணத்தில் ஏறக்குறைய 14 லட்சம் கோடி ரூபாய். ஆண்டுக்கு 30,000 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்பது அவர்கள் கணிப்பு. மொத்தத் திறன் 60,000 மெகாவாட் என்று சொல்லப்படுகிறது. இன்று நீர்மின்சாரத்தில் உலகின் முதலிடம் 22,500 மெகாவாட் த்ரீ கார்ஜஸ் அணைக்கு. அணுமின்சாரத்தில் ஜப்பானின் 7,965 மெகாவாட் காஷிவாசாகி-கரிவா. நிலக்கரியில் உள் மங்கோலியாவின் 6,720 மெகாவாட் துவோகெதுவோ. மூன்றையும் கூட்டினாலும் 37,000 மெகாவாட்டுக்குச் சற்று மேல்தான் வரும். இவ்வளவு பெரிய வேலையின் வடிவமைப்பு, நீரைத் தேக்கும் அளவு, திறந்துவிடும் முறை ஆகியவற்றில் எதையும் கீழ்நாடுகளின் முன் வைக்கவில்லை. பல்லாண்டு ஆய்வு செய்துவிட்டோம், கீழே யாருக்கும் பாதிப்பு இல்லை என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த ஆய்வைக் கண்ணால் பார்த்தவர் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒருவருமில்லை.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நிலக்கரியைக் குறைக்க நினைக்கும் நாடு ஆற்றின் பக்கம் திரும்புவதும் புரிகிறது. நம் கேள்வி ஒன்றே ஒன்று: தினசரி நீர்வரத்துக் கணக்கை ஏன் தர மறுக்கிறீர்கள்?

காவிரி வரும் பிலிகுண்டுலுவில் இன்று எத்தனை கனஅடி என்று காலையில் நாளிதழைப் புரட்டிப் பார்க்கும் நமக்கு, அந்த எண்ணின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருணாசலத்தில் சியாங் என்று பெயர் மாறும் இதே ஆற்றின் கரையில் வாழும் ஆதி பழங்குடியினருக்கும், அசாமின் ஆற்றுத்தீவுகளில் நெல் விதைப்பவர்களுக்கும், வங்கதேசத்தில் யமுனா என்று அந்த ஆற்றை அழைப்பவர்களுக்கும் நுகேஷா, யாங்ட்சுன், நுக்ஷியா என்ற மூன்று திபெத்திய அளவை நிலையங்களிலிருந்து வரும் எண்கள் அப்படிப்பட்டவை. 2002-இல் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி மழைக்கால மாதங்களில் அந்த எண்கள் வந்துகொண்டிருந்தன. வறண்ட மாதங்களின் கணக்கு அப்போதும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுவந்த அந்த ஒப்பந்தம் 2023 ஜூனில் காலாவதியானது. சட்லஜுக்கான ஒப்பந்தம் அதற்கு முன்பே, 2020-இல், முடிந்துபோனது. உலகின் மிகப் பெரிய நீர்மின் திட்டம் எழும்பும் ஆண்டுகளில், இருந்த அரைக்கணக்கும் இல்லாமல் நாம் நிற்கிறோம்.

தகவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2000-ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஏப்ரலில் திபெத்தின் யிகோங் ஆற்றில் ஒரு மலைச்சரிவு விழுந்து இயற்கையாகவே அணை கட்டியது. இரண்டு மாதம் தண்ணீர் தேங்கி ஏரியானது. ஜூன் 10 அன்று உடைந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் சியாங் கரைக்கு உரிய எச்சரிக்கை வரவில்லை. பாலங்கள் போயின, ஊர்கள் போயின, உயிர்கள் போயின. 2002 ஒப்பந்தமே அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்ததுதான்.

அந்த ஒப்பந்தம் உயிரோடு இருந்தபோதும் என்ன நடந்தது? 2017-இல் டோக்லாமில் இரு படைகளும் முகத்துக்கு முகம் நின்ற கோடையில் நமக்கு எண்கள் வருவது நின்றது. அளவை நிலையத்தைச் சீரமைக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். அதே ஆற்றின் கணக்கு அதே பருவத்தில் வங்கதேசத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. அசாமில் அந்த ஆண்டு பெருவெள்ளம். எல்லைத் தகராறுக்கும் மாஜுலித் தீவில் மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்டுகிறவருக்கும் என்ன தொடர்பு? அவருடைய பாதுகாப்பைப் பேரம் பேசும் காயாகப் பயன்படுத்தியவர்கள், இப்போது மனிதாபிமானம் என்ற சொல்லை முன்வைக்கிறார்கள்.

அவசரகாலத் தகவல் என்பதே வெறுமையான வாக்குறுதி. வெள்ள முன்கணிப்பு செய்யும் எந்தப் பொறியாளரையும் கேளுங்கள். இயல்பான நாட்களில் ஆறு எப்படி ஓடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் தெரிந்தால்தான் இயல்பு மீறும் நாளை அடையாளம் காண முடியும். நீர்மின் நிலையம் மின்தேவைக்கு ஏற்ப டர்பைன்களை ஓட்டும், நிறுத்தும். காலையில் ஒரு நீர்மட்டம், மாலையில் ஒரு நீர்மட்டம் என்று ஆறு ஏறி இறங்கும். குளிர்காலத்தில் மணல்திட்டில் பயிர் வைப்பவருக்கும், சிறு படகில் மீன்பிடிப்பவருக்கும் அந்த ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. அணையின் பின்னால் வண்டல் தங்கிவிட்டால் கீழே கரை அரிக்கும். இவற்றில் எதுவும் அவசரகாலம் என்ற பட்டியலில் வராது. எது அவசரம் என்று தீர்மானிப்பவர்களும் அணையின் சாவியை வைத்திருப்பவர்களே. பிரம்மபுத்திராவின் நீரில் பெரும்பகுதி இந்திய மண்ணில் பெய்யும் மழையால் வருவது என்று அசாம் முதல்வர் சொல்வது உண்மை. ஆனால் மழை இல்லாத மாதங்களில் சியாங்கைத் தாங்குவது மேலிருந்து வரும் தண்ணீர். அருணாசல முதல்வர் இத்திட்டத்தை நீர் வெடிகுண்டு என்று அழைத்தது மிகை என்று ஒதுக்குகிறவர்கள், அது மிகை என்று நிறுவும் கணக்கை பெய்ஜிங்கிடமிருந்து வாங்கிக் காட்டட்டும்.

இடமோ பூகம்பப் பூமி. 1950 ஆகஸ்ட் 15 அன்று 8.6 அளவு நிலநடுக்கத்தில் குலுங்கிய நிலம் அது. சுபன்சிரி ஆற்றை மறித்த மண்சரிவு சில நாள் கழித்து உடைந்து ஊர்களை வாரிக்கொண்டு போனது. திப்ரூகர் அருகே பிரம்மபுத்திராவின் படுகையே உயர்ந்தது. புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த செய்தி 2024 டிசம்பர் 25 அன்று வெளியானது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 2025 ஜனவரி 7 அன்று திபெத்தின் டிங்ரி பகுதியில் நிலநடுக்கம். அதன் பிறகு சோதித்த 14 நீர்மின் அணைகளில் ஐந்தில் விரிசல் உள்ளிட்ட கோளாறுகள் இருந்ததாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒரு அணையின் கீழே இருந்த மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஜூலையில் வேலை தொடங்கியது.

எங்களை நம்புங்கள் என்று கேட்பவர்களின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது கடமை. மஞ்சள் ஆற்றின் சான்மென்ஷியா அணையை 1950-களில் திட்டமிட்டபோது, வண்டலால் அது நிரம்பிப்போகும் என்று எச்சரித்தவர் நீரியல் பொறியாளர் ஹுவாங் வான்லி. அணையின் அடியில் உள்ள துளைகளையாவது மூடாமல் விடுங்கள் என்று மன்றாடினார். கான்கிரீட் ஊற்றி மூடினார்கள். அவருக்கு வலதுசாரி முத்திரை குத்தினார்கள். அணை 1960-இல் முடிந்தது, சில ஆண்டுகளிலேயே வண்டல் ஏறியது, கிளை ஆறான வெய் எதிர்த்து ஊர்களுக்குள் புகுந்தது. மூடிய துளைகளைப் பெருஞ்செலவில் மீண்டும் உடைத்துத் திறந்தார்கள். ஹெனான் மாகாணத்தில் நடந்தது இதைவிடக் கொடிது. அங்கே அணை ஒன்றுக்குப் பன்னிரண்டு மதகுகள் வேண்டும் என்று சென் சிங் என்ற வல்லுநர் சொன்னபோது, அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று ஐந்தாகக் குறைத்தார்கள். 1975 ஆகஸ்டில் நீனா சூறாவளி மழை கொட்டியபோது பான்சியாவ் உள்ளிட்ட 62 அணைகள் உடைந்தன. இறந்தவர்கள் 26,000 என்பது குறைந்தபட்சக் கணக்கு. தொற்றுநோயும் பசியும் கொன்றவர்களைச் சேர்த்தால் அது லட்சங்களைத் தொடுகிறது. இந்தப் பேரழிவின் விவரத்தை முப்பது ஆண்டு அரசு ரகசியமாகவே பூட்டி வைத்திருந்தார்கள். சொந்த மக்களின் சாவைச் சொந்த மக்களிடமே மறைத்தவர்கள், அசலூர்க்காரனுக்கு அவசரத் தகவல் தருவார்கள் என்று எந்தத் துணிவில் நம்புவது?

த்ரீ கார்ஜஸ் கதையும் வேறல்ல. அந்தத் திட்டத்தை விமர்சித்த கட்டுரைகளைத் தொகுத்த பத்திரிகையாளர் தாய் சிங்கைப் பத்து மாதம் சிறையில் வைத்தார்கள். 1992-இல் தேசிய மக்கள் காங்கிரஸில் வாக்கெடுப்பு வந்தபோது 177 பேர் எதிர்த்தார்கள், 664 பேர் விலகி நின்றார்கள். எதையும் ஒருமனதாக நிறைவேற்றிப் பழகிய அவையில் மூன்றில் ஒருவர் சம்மதிக்கவில்லை. அதுவே கேட்டவர்களுக்குப் போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். சுமார் 13 லட்சம் பேர் வீடு இழந்தார்கள். 2011 மே மாதம், குடிபெயர்ந்தவர்களின் வாழ்விலும், நிலச்சரிவிலும், சுற்றுச்சூழலிலும் அவசரமாகத் தீர்க்க வேண்டிய பிரச்சினைகள் இருப்பதாக அரசே அறிக்கை விட்டது. எச்சரித்தவர்கள் இருபது ஆண்டு முன்பு சொன்னதும் அதையேதான்.

அண்டை நாடுகளிடமும் இதே நடத்தை. சாங்மு அணையை, பிரம்மபுத்திராவின் முதன்மை ஓட்டத்தில் கட்டிய முதல் அணையை, நெடுநாள் மறுத்துவிட்டு 2010-இல்தான் நம்மிடம் ஒப்புக்கொண்டார்கள். மீகாங் ஆற்றில் பதினோரு அணைகளை அடுக்கினார்கள். ஆண்டு முழுவதும் தகவல் தருவதாக 2020-இல் மீகாங் ஆணையத்துடன் உடன்பாடு செய்தார்கள். சில வாரங்களில், 2021 ஜனவரியில், ஜிங்ஹோங் அணையின் வெளியேற்றத்தைக் குறைத்தபோது, தாய்லாந்துக் கரையில் தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகே அறிவிப்பு வந்தது. கையெழுத்திட்டு மை காய்வதற்குள் மீறப்பட்ட உடன்பாடு அது. நமக்குக் கிடைத்திருப்பதோ கையெழுத்துகூட இல்லாத வாய்ச்சொல்.

நம் பக்கமும் கேட்க வேண்டியது உண்டு. சர்வதேச நீர்வழிகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை 1997-இல் சீனா எதிர்த்து வாக்களித்தது, இந்தியா வாக்களிக்காமல் விலகியது. பிரம்மபுத்திரா, கங்கை, சிந்து ஆகியவற்றின் நீர்க்கணக்கை நாமே நம் ஆய்வாளர்களுக்குத் திறந்து தருவதில்லை. சிந்து நீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்த நிலையில் மேல்மடைக்காரனின் பொறுப்பைப் பற்றிப் பேசும் நம் குரலும் பலவீனப்படுகிறது. சியாங்கின் குறுக்கே 11,000 மெகாவாட்டுக்கு ஒரு பதில் அணை கட்டுவதே தீர்வு என்று டெல்லி நினைக்கிறது. அந்தக் கரையின் ஆதி மக்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஆய்வுக்குத் துணைராணுவத்தை அனுப்புகிறது. அணைக்கு அணை என்ற போட்டியில் இரண்டு பக்கமும் மூழ்குவது அவர்களின் வயல்கள்.

பெய்ஜிங்கில் அமர்ந்து இந்த முடிவை எடுத்தவர்கள் கீழ்மடை மக்களை மனிதர்களாக எண்ணவில்லை. எண்ணியிருந்தால் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்ற எளிய எண்ணைத் தருவதற்கு நிபந்தனை போட்டிருக்க மாட்டார்கள். டெல்லி இனியும் மென்று விழுங்கிப் பேசக் கூடாது. டாக்காவையும் சேர்த்துக்கொண்டு, எல்லை வேறு, வணிகம் வேறு, ஆறு வேறு என்று பிரித்து, உரிய மேடைகளில் எல்லாம் உறுதியாகக் கேட்க வேண்டும். சீனாவுக்கு நேரடி விமானமும் கைலாச யாத்திரையும் திரும்பிவிட்டன என்ற மகிழ்ச்சியில் இந்தக் கேள்வி பின்வரிசைக்குப் போய்விடக் கூடாது. காலாவதியான இரண்டு ஒப்பந்தங்களும் ஆண்டு முழுவதற்குமான கணக்கோடு புதுப்பிக்கப்படும் வரை, ஆகஸ்டில் கிடைத்த அந்தச் சலுகையை ஒரு சாதனையாக யாரும் நாடாளுமன்றத்தில் வாசிக்க வேண்டாம்.